விடிய எழும்பவா, வெயில் தாழ வரவா?

கோடை விடுமுறையைப் பற்றி வந்த கடிதங்களில் பாதி இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோவிலிருந்து வந்தவை. மீதியில் பெரும்பங்கு, பலெர்மோவுக்கு வரப்போகிறவர்கள் எழுதியவை. எல்லா வீட்டிலும் சண்டை ஒன்றுதான்: அலாரம் வைப்பதா, வேண்டாமா?

கேள்வி: நான் இங்கை வயசான அம்மா ஒருத்தரைப் பார்க்கிற வேலை. வருசம் முழுக்க விடிய அஞ்சு மணிக்கு எழும்பிறன். ஆகஸ்ட் 15 ஃபெராகோஸ்தோப் பெருநாளை ஒட்டித்தான் எனக்கு லீவு. பிள்ளையள் எத்னாலாந்துக்குப் போகக் கேக்கினம். இவர், "ஆறு மணிக்கு வெளிக்கிட்டால்தான் கியூவிலை நிக்காமல் விளையாடலாம்" எண்டு ஒரே பிடி. லீவிலையும் நான் நித்திரை கொள்ளக் கூடாதோ?
(ஒரு தாய், பலெர்மோ)

பதில்: கொள்ளுங்கள் தங்கச்சி. எட்டு மணி வரைக்கும் கொள்ளுங்கள். உங்கள் பக்கம் எத்னாலாந்தே சாட்சி சொல்லும்.

கத்தானியாவுக்குப் பக்கத்தில், பெல்பாஸ்ஸோ ஊரில், எத்னா எரிமலையின் கீழ்ச்சரிவில் இருக்கும் அந்தப் பூங்கா உண்மையில் இரண்டு பூங்காக்கள். சறுக்குகளும் குளங்களும் உள்ள நீர்ப்பூங்கா பகலில் நடக்கும். ராட்டினங்களும் ரோலர் கோஸ்டரும் உள்ள பகுதி உச்சக் கோடையில் மாலையில்தான் கதவைத் திறக்கும். நள்ளிரவு வரை ஓடும். சிசிலிக்காரர்களுக்குத் தங்கள் வெயிலைத் தெரியும். பலெர்மோவிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர், காரில் இரண்டரை மணி நேரம். பிள்ளைகளுக்கு ராட்டினம்தான் வேண்டுமென்றால் மத்தியானச் சாப்பாட்டை வீட்டில் முடித்து, ஒரு கண் தூங்கி, மூன்று மணிக்கு வெளிக்கிட்டால் போதும். இரவு திரும்பி ஓட்டாமல் கத்தானியாப் பக்கம் எங்காவது தங்குங்கள். நள்ளிரவுக்குப் பிறகு நித்திரை தூங்கும் ஓட்டுநரோடு நெடுஞ்சாலையில் வருவது எந்த ராட்டினத்தையும்விட ஆபத்து. நாட்களும் நேரங்களும் மாதத்துக்கு மாதம் மாறும் என்பதால், அந்த வாரத்து அட்டவணையைப் பார்த்துவிட்டே வெளிக்கிடுங்கள்.

நீர்ப்பூங்காதான் வேண்டும் என்றால் உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் ஆறு மணிக்குக் கார் கிளம்ப, நாலரை மணிக்கு ஒருவர் அடுப்படியில் நிற்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதை முதல்நாள் இரவே முடிவு செய்யுங்கள். அது அவர்தான் என்று முடிவானால், ஆறு மணி தன்பாட்டில் எட்டு மணியாகிவிடும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பலெர்மோத் தமிழரில் மிகப் பலர் பிறர் வீட்டைத் துடைத்து, பிறர் பெற்றோரைப் பராமரித்து, பிறர் கடிகாரத்துக்கு எழும்புகிறவர்கள். அவர்களுக்கு அலாரம் அடிக்காத காலையே விடுமுறையின் முதற்பங்கு. அதைக் குடும்பத்தில் யாரும் பறிக்கக் கூடாது.

கேள்வி: பாரிஸ் லா சப்பலில் அக்கா வீட்டில் தங்கி டிஸ்னிலாந்து போகப் போகிறோம். "கதவு திறக்கும்போதே வாசலில் நிற்க வேண்டும்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையிலேயே பலன் உண்டா, அல்லது வெறும் பதற்றமா?
(ஒரு தகப்பன், டோர்ட்முண்ட்)

பதில்: உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 24 பேர் உட்காரும் வண்டி இரண்டு நிமிடத்துக்கு ஒன்று புறப்பட்டால் ஒரு மணி நேரத்தில் 720 பேர் ஏறலாம். உங்களுக்கு முன்னால் 60 பேர் நின்றால் ஐந்து நிமிடக் காத்திருப்பு. 720 பேர் நின்றால் ஒரு முழு மணி நேரம். வண்டியின் வேகம் நாள் முழுக்க ஒன்றுதான், கூட்டம் மட்டுமே மாறுகிறது. பெரும்பாலான குடும்பங்கள் நிதானமாகச் சாப்பிட்டு வந்து சேர்வதால் முதல் ஒரு மணி நேரம் லேசாக இருக்கும். பூங்காவின் சொந்த ஹோட்டல்களில் தங்குபவர்களை இன்னும் முன்னதாக உள்ளே விடுவார்கள். அக்கா வீட்டில் தங்கும் நீங்கள் அவர்களுக்குப் பின்னால்தான். அதற்காக அக்கா வீட்டை விட்டுவிடாதீர்கள். அக்காவின் கையால் சாப்பாடு எந்த ஹோட்டலிலும் கிடைக்காது.

கடைசி ஒரு மணி நேரத்திலும் வரிசை குறையும், இரவுக் காட்சிக்கு இடம்பிடிக்கக் கூட்டம் கோட்டைப் பக்கம் நகர்ந்துவிடும் என்பதால். ஆனால் கதவு திறக்கவும் நிற்பேன், இரவுக் காட்சியும் பார்ப்பேன் என்று ஒரே நாளில் இரண்டையும் பிடித்தால் நடுவில் ஒரு பிள்ளை நிலத்தில் விழுந்து அழும். ஒரு முனையைப் பிடியுங்கள். ஐந்து வயதுக்குக் கீழே என்றால் காலை. பத்து வயதுக்கு மேலே என்றால் இரவு.

கேள்வி: இத்தாலிக்காரர்கள் தாமதமாக எழுகிறவர்கள் என்று கேள்விப்பட்டேன். பிறகு ஏன் எங்கள் டூர்காரர் ஏழு மணிக்கே லாபிக்கு வரச் சொல்கிறார்? ஜூலையில் மூன்று நாள் பலெர்மோவில் இருப்போம்.
(ஒரு வாசகர், சென்னை)

பதில்: யார் சொன்னது? ஏழு மணிக்கு நீங்கள் லாபிக்கு வரும்போது பல்லாரோ சந்தையில் மீன்பெட்டிகள் ஏற்கெனவே இறங்கியிருக்கும். வாள்மீனின் தலையை, வாள்போன்ற மூக்கு மேல்நோக்க நிறுத்தி வைத்திருப்பார்கள். பிள்ளைகள் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார்கள். வியாபாரிகள் பாட்டைப் போல நீட்டிக் கூவுவதைக் கேட்டால் நம் கோயம்பேட்டுக்காரர்கள்கூட ஒரு நிமிடம் நின்று ரசிப்பார்கள். இந்த ஊரில் காலை உணவு என்றால் பன்னுக்குள் ஐஸ்கிரீம். இதைச் சொல்லி எழுப்பினால் எந்தக் குழந்தையும் எழும்பும்.

பலெர்மோ நாளை இரண்டாக வெட்டி வைத்திருக்கிறது. ஏறத்தாழ ஒரு மணிக்குப் பல கடைகள் கதவை இழுத்துவிடும்; நான்கு மணிக்குப் பிறகுதான் தெரு மறுபடி விழிக்கும். இரவுச் சாப்பாட்டுக்கு உணவகங்கள் ஏழரை, எட்டுக்கு முன் அடுப்பை மூட்டுவதில்லை. இது சோம்பல் இல்லை. 2021 ஆகஸ்ட் 11 அன்று இதே தீவில், சிரக்கூசாவுக்கு அருகே 48.8 பாகை வெப்பம் பதிவானது. அது ஐரோப்பாவின் உச்ச அளவு என உலக வானிலை அமைப்பு உறுதிசெய்தது. ஆப்பிரிக்கப் பக்கமிருந்து சிரோக்கோ காற்று வீசும் நாளில் மத்தியானம் வெளியே நிற்பதை உள்ளூர்க்காரர்கள் வீரம் என்று எண்ணுவதில்லை.

இந்த மத்தியானத்துக்கென்றே அரண்மனை கட்டிய ஊர் இது. நோர்மன் அரசர் முதலாம் வில்லியம் 1165 அளவில் தொடங்கி அவர் மகன் இரண்டாம் வில்லியம் முடித்த சீசா மாளிகையைப் போய்ப் பாருங்கள். கடற்காற்று நுழையும் திசையை நோக்கிய உயர்ந்த வாசல். உள்ளே சுவரிலிருந்து இறங்கும் நீர் தரையில் வெட்டிய கால்வாய் வழியே ஓடி வெளியே உள்ள குளத்துக்குப் போகும்படி அமைத்தார்கள்; அதன் மேலாக வரும் காற்று குளிரும். அரபுக் கைத்திறனில் வந்த அறிவு அது. மின்விசிறி வருவதற்கு எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே பகல் தூக்கத்தை இவ்வளவு மரியாதையோடு நடத்திய ஊரில், பன்னிரண்டு மணி வெயிலில் குடை பிடித்த வழிகாட்டியின் பின்னால் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நடக்காதீர்கள். டூர்காரரிடம் கேளுங்கள்: "காலை ஏழு சரி. மத்தியானம் எங்களை அறைக்குத் திருப்பி அனுப்புவீர்களா?" அனுப்புவார் என்றால் நல்ல டூர்.

கேள்வி: மத்தியானம் இரண்டு மணிக்குப் பலெர்மோவில் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போகலாம்?

பதில்: கட்டிலுக்கு.

கேள்வி: படுக்க மாட்டோம் என்று அடம்பிடித்தால்?

பதில்: மரீனா சதுக்கத்தில் கரிபால்டி பூங்காவின் மரத்தடிக்குக் கூட்டிப் போங்கள். நம் ஆலமரத்துக்கு ஆஸ்திரேலியப் பக்கத்து ஒன்றுவிட்ட சகோதரம் அது. விழுது இறங்கி, வேர் மதில்போல் எழுந்து, ஒரு வகுப்பறைப் பிள்ளைகளையே ஒளித்து வைக்கும் அளவு பெரியது. பக்கத்திலேயே 1975இல் தொடங்கிய பொம்மலாட்ட அருங்காட்சியகம் இருக்கிறது. கவசம் அணிந்த சிசிலிப் போர்வீரர் பொம்மைகளோடு ஆசிய நாட்டுப் பாவைகளும் அங்கே உண்டு. சிசிலிப் பொம்மலாட்டம் யுனெஸ்கோ 2001இல் சிறப்பித்த கலை. பலெர்மோப் பொம்மைகளின் முழங்கால் மடங்கும். கத்தானியாவின் பெரிய பொம்மைகளுக்கு மடங்காது. இதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஆட்டம் பார்க்கப் போனால், காட்சி முழுக்க முழங்காலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆட்டத்தில் வாள் வீசும்போது தலைகள் பறக்கும் என்பதால் மிகச் சிறியவர்களை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கடை அம்மம்மா நாலு மணிக்கே எழும்பி, குளிச்சு, திருநீறு பூசி, "எப்ப வெளிக்கிடுறியள்?" எண்டு கதிரையிலை இருப்பா. பெடியன் பத்து மணிக்கும் எழும்பான். நடுவிலை நான் என்ன செய்ய?
(ஒரு மகள், பலெர்மோ)

பதில்: குடும்பம் எப்போதும் ஒரே பஸ்ஸில் போக வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. வீட்டில் சீக்கிரம் எழும்பும் பேரப்பிள்ளை ஒன்று கட்டாயம் இருக்கும். அதை அம்மம்மாவோடு சேர்த்து, துணைக்கு ஒரு பெரியவரோடு 806ஆம் இலக்கப் பேருந்தில் மொண்டெல்லோக் கடற்கரைக்கு அனுப்புங்கள். கட்டணமில்லாக் கடற்கரைப் பகுதியில் ஓகஸ்டில் பத்து மணிக்குப் பிறகு துண்டு விரிக்க இடம் கிடையாது. எட்டு மணிக்குத் தண்ணீர் குளம்போல் அசையாமல், கரையோரம் முழங்காலளவே இருக்கும். பெரிய வெயில் வருமுன் அவர்கள் வீடு திரும்பும்போது பெடியன் பல் விளக்கிக்கொண்டிருப்பான். இரண்டு பேருக்கும் நல்ல காலை.

கேள்வி: எனக்குப் பதினைந்து வயது. லீவில் பதினொரு மணிவரை படுத்தால் அம்மா "சோம்பேறி" என்கிறார். நீங்களும் பெரியவர்கள் பக்கம்தானா?

பதில்: இந்த விஷயத்தில் உன் பக்கம், செல்லம். பருவ வயதில் உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் இரவில் பிந்தித்தான் சுரக்கத் தொடங்குகிறது. பத்து மணிக்கு உனக்கு நித்திரை வராதது பிடிவாதம் இல்லை, உடம்பின் கணக்கு. இந்த வரியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டு.

பதிலுக்கு ஒரே ஒரு காலையை அம்மாவுக்குக் கொடு. நோர்மன் அரண்மனை எட்டரை மணிக்குத் திறக்கும். உள்ளே அரசர் இரண்டாம் ரோஜரின் பலத்தீன் சிற்றாலயம், பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பொன் மொசைக். கூட்டம் வருமுன் போனால் மரக்கூரையை நிதானமாகப் பார்க்கலாம். அரபு மரபில் வரைந்த அந்தக் கூரை ஓவியங்களில் இரண்டு பேர் சதுரங்கம் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். கைபேசிக் கமராவைப் பெரிதாக்கித் தேடு. ஞாயிறு காலையில் திருப்பலி நடப்பதால் பார்வை நேரம் சுருங்கும்; வேறு நாள் போ.

கேள்வி: ஜூலை 14 இரவு சாந்தா ரொசாலியா பெருவிழா வாணவேடிக்கை நள்ளிரவுக்கு மேல்தானாம். மூன்று வயதும் ஆறு வயதும். கூட்டிப் போகலாமா?
(ஒரு தம்பதி, ஒஸ்லோ)

பதில்: போங்கள். 1624இல் கொள்ளைநோய் இந்த ஊரைத் தின்றுகொண்டிருந்தபோது மொந்தே பெல்லெக்ரினோ மலைக் குகையில் புனிதை ரொசாலியாவின் எலும்புகளைக் கண்டெடுத்தார்கள். ஊர்வலமாகக் கொண்டுவந்தபின் நோய் தணிந்தது என்பது ஊரின் நம்பிக்கை. 2024இல் 400ஆவது விழா நடந்தது. குவாத்ரோ காந்தி சந்தியில் தேர் நிற்க, மேயர் ஏறி "பலெர்மோ வாழ்க, சாந்தா ரொசாலியா வாழ்க" என்று முழங்குவார். தேரும் கூட்டமும் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த இரவு அந்நியமாகவே இருக்காது.

அன்று மத்தியானம் நாலு பேரும் படுத்தே ஆக வேண்டும். குவாத்ரோ காந்தியின் நெரிசலுக்குள் சின்னவனைக் கொண்டுபோகாமல், நேரே கடற்கரைப் பக்கம் ஃபோரோ இத்தாலிக்கோ புல்வெளியில் பாய் விரியுங்கள். சத்தத்துக்குப் பயப்படும் பிள்ளை என்றால் காதுக்கவசம். மறுநாள் காலைக்கு எந்தத் திட்டமும் வேண்டாம்.

கேள்வி: நாங்கள் சைவர். மாமி செப்டம்பரில் ரொசாலியா மலைக்கு நடந்து ஏற ஆசைப்படுகிறா. இரவிலா, விடியவா?
(ஒரு மருமகள், பலெர்மோ)

பதில்: சைவர் என்பதைச் சொல்லித் தயங்க வேண்டாம், பலெர்மோத் தமிழர், சைவரும் கத்தோலிக்கரும், அந்தக் குகைக் கோயிலுக்குப் பல வருடங்களாக ஞாயிறு தவறாமல் போகிறார்கள். ஊர்க்காரருக்கும் அது பழகிய காட்சி. செப்டம்பர் 3 இரவு தொடங்கி 4 விடியும் வரை பழைய கற்பாதையில் ஜனம் ஏறும், சிலர் வெறுங்காலோடு. வெயில் இல்லை, பேச்சுத்துணை உண்டு, ஆகவே மாமிக்கு இரவே நல்லது. இரவு முடியாதென்றால் விடிய ஐந்து மணிக்குத் தொடங்குங்கள். ஏழு மணிக்குமேல் அந்தப் பாதையில் வயதானவரை ஏற்றாதீர்கள். கல் வழுக்கும், செருப்பைக் கழற்ற விரும்பினால் கோயில் வாசலில் கழற்றச் சொல்லுங்கள். முழங்கால் வலி என்றால் இன்னொரு ஞாயிறு 812ஆம் இலக்கப் பேருந்து மேலேவரை கொண்டுபோய் விடும். எப்படிப் போனாலும் தண்ணீர்ப் போத்தலைப் பெடியனின் பையில் வையுங்கள், மாமியின் பையில் வேண்டாம்.