துரை சுட்ட காசும் தானே கூடிய கூட்டமும்

1786இல் பிரான்சிஸ் லைட் துரை பினாங்கில் இறங்கியபோது எதிரே பெருங்காடு, வெட்ட ஆளில்லை. துரை பீரங்கியில் வெள்ளிக்காசை அடைத்துக் காட்டுக்குள் சுட்டாராம். காசு பொறுக்கப் போனவர்கள் மரத்தைச் சாய்த்துக்கொண்டே போனார்களாம். கிழக்கிந்தியக் கும்பினி சுட்டு ஜனங்கள் மகிழ்ந்த கதை இது ஒன்றுதான்.

1801இல் கப்பித்தான் காதர் முகைதீன் பள்ளிவாசல் எழுப்பினார். அதே சாலையில் குவான் இன் கோயில், 1818இல் ஆங்கிலேயரின் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், 1833இல் அடுத்த தெருவில் மாரியம்மன். இவர்களுக்கு யாரும் காசு சுடவில்லை. வந்தார்கள், ஒட்டிக்கொண்டார்கள்.

1826இல் கும்பினி பினாங்கையும் மலாக்காவையும் சிங்கப்பூரையும் சேர்த்துக் கட்டிப் பெருமைப்பட்டது. அதே ஆண்டு சுவீடனில் வேதியியலாளர் பெர்சீலியஸ், மாலிப்டின உப்பான மாலிப்டேட்டோடு பாஸ்பேட்டைக் கலந்து கிடைத்த மஞ்சள் வீழ்படிவைப் பற்றி எழுதினார். பிளஸ் டூ செய்முறைத் தேர்வில் பாஸ்பேட்டைக் காட்டிக்கொடுக்கும் அதே மஞ்சள்தான். குழாய்க்குள் அமிலம் ஏறியதும் மாலிப்டேட்டுகள் தண்ணீரை உதறிவிட்டு, ஆக்சிஜனைப் பங்குபோட்டு, பன்னிரண்டாக ஒரு பாஸ்பரசைச் சுற்றி உட்கார்ந்துவிடும். மொத்த அகலம் சுமார் ஒரு நானோமீட்டர். மேஸ்திரி கிடையாது, அட்வான்சும் கிடையாது. கும்பினி கட்டிய மூட்டை 1946இல் அவிழ்ந்துபோனது. மஞ்சள் இன்றும் கூடுகிறது.

உள்ளே யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதில்தான் சண்டை. 1929இல் வேதியியல் மேதை பாலிங், மாலிப்டினத்துக்கு அண்ணன் முறையான டங்ஸ்டனை வைத்துக் கணக்குப் போட்டார்: ஒவ்வொரு டங்ஸ்டனையும் சூழ்ந்த ஆக்சிஜன் எண்முகிகள் மூலைகளில் மட்டும் தொட்டுக்கொள்ள வேண்டும், 58 ஆக்சிஜன் வேண்டும். 1933இல் மான்செஸ்டரில் கெகின் எக்ஸ்ரே பிடித்துப் பார்த்தார். 40தான்! விளிம்போடு விளிம்பாக நெருக்கியடித்த குடித்தனம். பினாங்கின் அந்தப் பள்ளிவாசல் சாலைக் கடைவீடுகள் இரண்டுக்கு ஒரு சுவரென்று நிற்பதைப் பார்த்திருந்தால் பாலிங் அவ்வளவு தாராளமாகச் செலவழித்திருக்க மாட்டார்.

கட்டியதைத் திருத்தவும் வழியுண்டு. அமிலத்தைக் கொஞ்சம் தணித்தால் டங்ஸ்டன் கூட்டத்தில் ஒரு மூலை கழன்று விழும். அந்த ஓட்டையில் கோபால்ட் வந்து குடியேறும். பினாங்குப் பள்ளிவாசலுக்கு நியூப்ரோனர் என்ற கட்டடக் கலைஞர் மொகலாயக் கும்மட்டம் ஏற்றியதும் இப்படிப்பட்ட திருத்தம்தான். செலவு மட்டும் அதிகம்.

1995இல் ஜெர்மனியின் பீலெஃபெல்டில் ஆகிம் முல்லர், நெடுநாளாகப் பிடிபடாத மாலிப்டின நீலம் என்ற சேர்மத்தைப் படிகமாக்கினார்: 154 மாலிப்டினம் கைகோத்த சக்கரம். 2002இல் 368 சேர்ந்த கூட்டம், புரதத்தின் அளவுக்கு. அதற்கு முள்ளெலி என்று பெயரிட்டார். பெயர் வைக்க மட்டும் ஆள் தேவைப்பட்டது.