ஒனக்குத்தேன்யா போடுவேன்!

தேர்தல் வாடை அடிக்க ஆரம்பித்ததுமே எனக்குச் சொந்தபந்தம் பெருகிவிடும். எதிர்ச் சுவரில் சிரிப்பவர் ‘உங்கள் வீட்டுப் பிள்ளை’. பக்கத்துச் சுவரில் கும்பிடுபவர் ‘உங்கள் அன்புச் சகோதரன்’. ட்ரான்ஸ்பார்மரில் ஒட்டியிருப்பவர் ‘மண்ணின் மைந்தன்’. அவர் எனக்கு என்ன முறை வேண்டும் என்று தெரியவில்லை. ஒட்டியிருக்கும் இடம் அப்படி என்பதால் கிட்டப் போய் விசாரிக்கவும் முடியாது. எங்கள் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து எதற்கும் எட்டிப் பார்க்காத சொந்தங்கள் இவர்கள். இத்தனை பேரையும் ரேஷன் கார்டில் சேர்த்தால் மாசம் நாலு மூட்டை அரிசி வாங்கலாம்.

தேர்தல் தேதி அறிவித்ததும் நடத்தை விதிகள் அமலுக்கு வரும். மாநகராட்சி ஆட்கள் வாளியும் சுண்ணாம்புமாக வந்து எல்லாச் சொந்தங்களையும் வெள்ளையடித்துவிட்டுப் போவார்கள். அப்பாடா என்று உட்கார்ந்தால், சுவரிலிருந்து இறங்கியவர்கள் நோட்டீஸில் ஏறி, கதவிடுக்கு வழியாக வீட்டுக்குள்ளேயே வந்துவிடுவார்கள்.

எங்கள் தெரு மதுரையில் இருக்கிறது. மற்ற நாளில் குப்பை வண்டிகூட வர யோசிக்கும் இந்தத் தெருவுக்குத் தேர்தல் காலத்தில் மைக் ஆட்டோ காலையிலேயே வந்துவிடும். ‘இதோ வந்துகொண்டிருக்கிறார்! இன்னும் சற்று நேரத்தில் உங்களை நாடி, உங்கள் இல்லம் தேடி...’ அந்தச் சற்று நேரம் முடிவதற்குள் சோறு வடித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டு எழலாம். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற சட்டத்தை இயற்றியவர்கள் நன்றாக இருக்கட்டும்.

மைக் பிடிக்கும் தம்பி எங்கள் தெருக்காரன்தான். காலையில் ஒரு கட்சி ஆட்டோ, சாயங்காலம் எதிர்க்கட்சி ஆட்டோ. “எப்பிடிடா மாத்திக் கீத்திச் சொல்லாமப் பேசுற?” என்று கேட்டேன். உள்ளங்கையைக் காட்டினான். பேனாவால் சின்னம் மட்டும் எழுதியிருந்தது. “சின்னத்த மட்டும் பாத்துக்குவேண்ணே. மத்தபடி ரெண்டு பேருக்கும் ஒரே டயலாக்குதேன்.” கட்சிகளின் கொள்கை வேறுபாடு பற்றி டிவியில் ஒரு மணி நேரம் விவாதிக்கிறார்கள். தம்பி ஒரு உள்ளங்கையில் முடித்துவிட்டான்.

வேட்பாளர் வருவதற்கு முன்னால், நோட்டும் கையுமாக ஒரு அக்கா வருவார். தெருவில் எத்தனை ஆரத்தித் தட்டு தேறும் என்று எழுதிக்கொள்வார். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த சிவப்புத் தண்ணீர், வெற்றிலை, அதன்மேல் கற்பூரம். காலையில் கலக்கிய தண்ணீரையே மத்தியானக் கட்சிக்கும் சுற்றி, சாயங்காலக் கட்சிக்கும் சுற்றுவார்கள். ஒருத்தருக்குக் கழித்த திருஷ்டி அடுத்தவருக்கு ஒட்டிக்கொள்ளாதா என்று எந்தக் கட்சியும் கவலைப்பட்டதில்லை. தேர்தல் ஆணையத்தின் வீடியோகிராபர் பின்னாலேயே வருவதால் தட்டில் விழுவது வெறும் கும்பிடு மட்டும்தான். மற்றது அக்காவின் நோட்டுக் கணக்குப்படி பின்னால் வரும்.

எங்கள் வீட்டுத் திண்ணையில் அப்பத்தா உட்கார்ந்திருப்பார். ஜீப்பிலிருந்து ஒரு வேட்பாளர் குதித்து ஓடி வந்தார். செருப்பைக் கழற்றினார். குனிந்தார். கேமராக்காரர் “அண்ணே, கொஞ்சம் லைட்டுப் பக்கம்” என்றதும், குனிந்தபடியே அரை வட்டம் நகர்ந்து அப்பத்தாவின் கையைப் பிடித்தார்.

“அப்பத்தா, சின்னம் நெனவு இருக்குல்ல?”

“ஒனக்குத்தேன்யா போடுவேன். நல்லா இருப்ப ராசா.”

மத்தியானம் இன்னொருவர். அதே குனிவு, அதே “ஒனக்குத்தேன்யா”. சாயங்காலம் வந்தவருக்குக் கன்னம் வழித்து, திருஷ்டி முறித்து, கூடுதலாக ஒரு “மகராசன்”.

“என்ன அப்பத்தா, மூணு பேருக்கும் போடுறேங்கிற?” என்றேன்.

“அவிங்க மட்டும் எல்லாத் தெருவுலயும் போயி மொதல்ல ஒங்க தெருவுக்குத்தேன் ரோடுன்னு சொல்றாய்ங்கள்ல? வேகாத வெயில்ல வந்த பிள்ளைய இல்லேன்னு சொல்லியா அனுப்புறது?”

அவர் யாருக்குப் போட்டார் என்பது தாத்தாவுக்கே கடைசிவரை தெரியாது.

கும்பிடு, குனிவு மட்டும் போதாது என்று இப்போது வேட்பாளர்கள் கைத்தொழிலிலும் இறங்கிவிட்டார்கள். இஸ்திரி போடுகிறார்கள், டீ ஆற்றுகிறார்கள், தோசை திருப்புகிறார்கள். 2021 சட்டமன்றத் தேர்தலில் நாகப்பட்டினம் அ.தி.மு.க. வேட்பாளர் தெருவில் உட்கார்ந்து துணி துவைத்துக் கொடுத்தது நாடெங்கும் செய்தியானது. அவர் கட்சியின் தேர்தல் அறிக்கையில் இலவச வாஷிங் மெஷின் இருந்தது. மெஷின் வருகிறவரை மாற்று ஏற்பாடு என்று எடுத்துக்கொள்ளலாம். கட்சி தோற்றது, அவரும் தோற்றார். நாகை மக்கள் இன்றும் தங்கள் துணியைத் தாங்களேதான் பார்த்துக்கொள்கிறார்கள். எங்கள் தெருமுனைக் கடையில் ஒருவர் புரோட்டா வீசினார். அதைத் தின்ன வேண்டியிருந்தவர் அவருடைய கட்சிக்காரர்தான். சட்டமன்றத்தில் பேச ஆள் எடுக்கிறோம். பரீட்சை மட்டும் புரோட்டாக் கல்லில் நடக்கிறது.

வாக்குறுதி விஷயத்தில் நமக்குப் பெரிய பாரம்பரியம் உண்டு. 1967-ல் தி.மு.க. சொன்னது: ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம். ஜெயித்த பிறகு சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி போட்டார்கள். லட்சியம் எது, நிச்சயம் எது என்று பிரித்துச் சொன்ன கடைசி வாக்குறுதி அதுதான் என்று நினைக்கிறேன். 2006-ல் கலர் டிவி. 2011-ல் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி. எல்லாம் வீட்டுக்குள் வந்துவிட்டதால் 2021-ல் எங்கள் மதுரை தெற்கில் ஒரு சுயேச்சை வேட்பாளர் வானத்தைப் பார்த்தார். வீட்டுக்கு ஒரு குட்டி ஹெலிகாப்டர், வேலை செய்ய ரோபோ, தொகுதியைக் குளிர்விக்கச் செயற்கைப் பனிமலை, நிலாவுக்குச் சுற்றுலா. சின்னம் குப்பைத்தொட்டி. இலவசங்களைக் கிண்டல் செய்யத்தான் அப்படிச் சொன்னாராம். ஆனால் எங்கள் தெருவில் ஒருவர் கிண்டல் என்று தெரியாமல், “நெலாவுக்குக் குடும்பத்தோட கூட்டிப் போவாய்ங்களா, கார்டுக்கு ஒரு ஆளா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

டிவி கொடுத்தார்கள், டிவியில் பார்க்க ஆளுக்கொரு சேனலும் வைத்துக்கொண்டார்கள். 1999-ல் ஜெயா, 2006-ல் மக்கள், 2007-ல் கலைஞர், 2010-ல் கேப்டன். ஒரு கட்சிக்குக் கொடி, சின்னம், சேனல் மூன்றும் இருந்தால்தான் மரியாதை என்றாகிவிட்டது. ஒரே பொதுக்கூட்டத்தை ஒரு சேனலில் பார்த்தால் மனிதக் கடல். ரிமோட்டை அமுக்கினால் அதே மைதானத்தில் காலி நாற்காலிகள். இரண்டு கேமராவும் பொய் சொல்லவில்லை. ஒன்று மேடைக்கு முன்னால் நின்றது, இன்னொன்று பந்தலுக்குப் பின்னால் நின்றது. செய்தித்தாளில் ஒரு வேட்பாளரைப் பற்றி அரைப்பக்கம் உருகி உருகி எழுதியிருப்பார்கள். படித்துக் கண் கலங்கிய பிறகு, மூலையில் கடுகளவு எழுத்தில் ‘விளம்பரம்’ என்று இருக்கும். அந்தக் கடுகும் இல்லாமல், காசுக்குச் செய்தி போடும் வழக்கம் பற்றிப் பத்திரிகை கவுன்சில் 2010-லேயே ஓர் அறிக்கை தந்துவிட்டது.

பிறகு ‘களநிலவரம்’. அதாவது, சென்னையிலிருந்து வரும் நிருபர் எங்கள் டீக்கடையில் மைக்கை நீட்டுவது. டீ மாஸ்டர் எல்லாச் சேனலுக்கும் ஒரே பதில் வைத்திருந்தார்: “போட்டி கடுமையாத்தேன் இருக்கு.” அன்று இரவு ஒரு சேனல் இதை ஆளுங்கட்சிக்கு எதிரான அலை என்றது. இன்னொன்று ஆளுங்கட்சி முந்துகிறது என்றது. மாஸ்டரைக் கேட்டால், “நான் எதுத்த கடைக்காரனச் சொன்னேண்ணே” என்கிறார்.

கருத்துக்கணிப்புக்கு வருவோம். 2016 சட்டமன்றத் தேர்தலில் வாக்குக்கணிப்புகளில் பெரும்பாலானவை தி.மு.க.வுக்கு முடிசூட்டின. வாக்குப்பதிவு நடந்த 232 தொகுதிகளில் 134-ஐ அ.தி.மு.க. அள்ளிக்கொண்டு போனது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் பா.ஜ.க. கூட்டணிக்கு 350-க்கு மேல் என்று அடித்துச் சொன்னார்கள். வந்தது 293. உடனே நிபுணர்கள் கூடி ‘அடிநீரோட்டம்’, ‘மௌன வாக்காளர்’ என்றெல்லாம் விளக்கம் தந்தார்கள். அவ்வளவு சிரமப்பட்டிருக்க வேண்டாம். கையில் டேப்லெட்டோடு ஒரு கணிப்புக்காரப் பையன் எங்கள் திண்ணைக்கும் வந்தான். “பாட்டி, யாருக்கு ஓட்டு?” என்றான். “ஒனக்குத்தேன்யா” என்றார் அப்பத்தா. பையன் தலையைச் சொறிந்துகொண்டு எதையோ தட்டிவிட்டுப் போனான். அந்தத் தட்டலும் ஏதோ ஒரு சதவீதத்தில் சேர்ந்திருக்கும்.

சுவர், மைக், டிவி மூன்றிலும் தப்பினால் செல்போன் பிடித்துக்கொள்ளும். சோற்றில் கை வைக்கும் நேரமாகப் பார்த்து மணி அடிக்கும். எடுத்தால் “வணக்கம், நான் உங்கள்...” என்று தலைவரே பேசுவார். “தலைவரே, எங்க தெருவுல சாக்கடை...” என்று நாம் ஆரம்பித்தால் அவர் நிறுத்தவே மாட்டார். பதிவுசெய்த குரல். நேரில் வந்தபோதும் இப்படித்தான் இருந்தார் என்பதால் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. இப்போது செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. 2018-ல் மறைந்த கலைஞர் 2024 ஜனவரியில் ஒரு நூல் வெளியீட்டு விழாத் திரையில் தோன்றி வாழ்த்திப் பேசினார். அடுத்த மாதமே, 2016-ல் மறைந்த ஜெயலலிதாவின் குரலில் ஒரு செய்தி வந்தது. மறைந்தவர்களே இவ்வளவு சிரத்தையாக வந்து போகும்போது, உயிரோடிருக்கும் எம்.எல்.ஏ.க்கள் தொகுதிப் பக்கம் வராததற்கு என்ன சமாதானம் சொல்வார்கள்?

வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு 48 மணி நேரம் முன்பு பிரசாரம் ஓய வேண்டும். வாக்காளன் நிம்மதியாக யோசிக்கட்டும் என்று சட்டம் தரும் அவகாசம். மைக் அடங்கும், பணக் கவர் புறப்படும். 2009 ஜனவரி இடைத்தேர்தலுக்குப் பிறகு, எங்கள் மாவட்டத்துத் திருமங்கலத்தின் பெயர் ஒரு ஃபார்முலாவாகி அரசியல் அகராதியில் ஏறிவிட்டது. பணப் பட்டுவாடாவால் 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தல்கள் நின்றன. 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் நின்றது. இரண்டு மாதம் வாய் வலிக்கப் பேசியவர்கள், கடைசி இரண்டு நாளில் பேசாமலே விஷயத்தைச் சொல்லிவிடுகிறார்கள்.

இத்தனை பேச்சுக்கும் நடுவில் வாக்காளன் திருப்பிப் பேசியதே இல்லையா என்றால், ஒரு தடவை பேசினான். 1996-ல் மொடக்குறிச்சியில், தங்கள் குறையை யாரும் கேட்கவில்லை என்று விவசாயிகள் கூட்டம் கூட்டமாகத் தாங்களே மனுத்தாக்கல் செய்தார்கள். மொத்தம் 1,033 வேட்பாளர்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாகத்தான் அச்சடிக்க வேண்டியிருந்தது. தேர்தலையே தள்ளிவைத்தார்கள். அதில் ஒரு ஓட்டுகூட வாங்காதவர்களும் உண்டு. அதாவது, தன் ஓட்டையே தனக்குப் போடவில்லை. அரசாங்கம் குறையைக் கேட்டதோ இல்லையோ, சட்டமன்ற வேட்பாளருக்கான டெபாசிட்டை 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக அந்த வருஷமே உயர்த்திவிட்டது.

இவ்வளவு சத்தத்தையும் கேட்டுப் பழகிய காதோடு ஒன்று சொல்கிறேன். அவர்கள் சொல்வதை நாம் நம்புவதில்லை; நாம் “ஒனக்குத்தேன்” என்பதை அவர்களும் நம்புவதில்லை. இரண்டு பக்கமும் மரியாதைக்குப் பேசிக்கொள்கிறோம். வேட்பாளர் நமக்கென்று சத்தியம் செய்து சொல்லும் ஒரே சேதி படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரம். உச்ச நீதிமன்றம் 2002-லும் 2003-லும் தந்த தீர்ப்புகளால் வந்தது. வேட்பாளரின் சொத்து, கடன், படிப்பு, அவர்மேல் உள்ள வழக்குகள், மனைவி பெயரில் இருக்கும் நகை உட்பட எல்லாம் அதில் இருக்கும். அவர் வந்திறங்கும் காரை அதில் தேடினால் சில சமயம் கிடைக்காது. ‘சொந்த வாகனம் இல்லை’ என்றிருக்கும். இதைவிடச் சுவாரசியமான வாசிப்பு தேர்தல் காலத்தில் வேறு கிடையாது. ஆனால் இதை மட்டும் எந்த மைக் ஆட்டோவும் வாசிப்பதில்லை. கிரிமினல் வழக்கு உள்ளவர்கள் அதைப் பத்திரிகையிலும் டிவியிலும் மூன்று முறை விளம்பரம் செய்ய வேண்டும் என்பது 2018 தீர்ப்புக்குப் பிறகு வந்த விதி. அது எந்தப் பக்கத்தில், எத்தனை சிறிய எழுத்தில் வருகிறது என்று தேடிப் பாருங்கள்.

அடுத்த தேர்தலில் யார் வந்து கும்பிட்டாலும் தாராளமாகத் திருப்பிக் கும்பிடுங்கள். வெயிலில் வந்தவருக்கு மோர் கொடுங்கள். கேட்டால் “ஒங்களுக்குத்தான்” என்றும் சொல்லுங்கள்; ஓட்டு ரகசியம், யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் சாவடிக்குப் போகும் முன்பு தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் உங்கள் தொகுதி வேட்பாளர்களின் படிவம் 26-ஐ ஒரு தடவை படித்துவிடுங்கள். அதுவும் இலவசம்தான்.