மூன்று முறை மட்டும்

எங்கள் தெருவே ரஜினிக்குக் கட்அவுட் வைத்தபோது நான் கமல் ரசிகன். கல்யாண வீட்டில் எல்லாரும் கோக் எடுத்தால், நான் மட்டும் பொவண்டோ இருக்கிறதா என்று கேட்டு சமையல்காரரைச் சங்கடப்படுத்துவேன். இதைக் கொள்கை என்று நினைத்துவிடாதீர்கள். பிறவிக் குணம். ஜெயிக்கிற பக்கம் ஏற்கெனவே கூட்டம், போனால் உட்கார இடம் இருக்காது என்ற முன்ஜாக்கிரதையும் கொஞ்சம் கலந்திருக்கலாம். ஆகவே 2006 நவம்பர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் அமெரிக்காவில் 'ஸூன்' என்ற பாட்டுப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அதை யார் வாங்கப்போகிறார்கள் என்று பத்திரிகைகள் கேலியாகக் கேட்ட கேள்விக்குப் பதில் நானாக இருந்தேன்.

அப்போது எனக்கு சியாட்டிலுக்கு அடுத்த பெல்வியூவில் ஜாகை. மைக்ரோசாஃப்ட்டின் தலைமையகமான ரெட்மண்ட் பக்கத்து ஊர். எங்கள் குடியிருப்பில் சாம்பார் வாசனை வராத மாடி கிடையாது. அந்த மாடிகளில் பாதிக்குச் சம்பளம் கொடுத்தது மைக்ரோசாஃப்ட். ஆனால் சம்பளம் வேறு, காது வேறு. ரெட்மண்ட் வளாகத்துக்குள் ஐபாட் பெருகிவிட்டதையும், மேலதிகாரிகளுக்கு அது பிடிக்காததையும், ஊழியர்களில் சிலர் ஆப்பிளின் வெள்ளை இயர்போனைக் கழற்றிவிட்டு அடையாளம் தெரியாத வேறொன்றை மாட்டிக்கொண்டு உலவியதையும் 2005-லேயே 'வயர்ட்' பத்திரிகை எழுதிவிட்டது. என் அறைத்தோழனும் அங்கேதான் வேலை பார்த்தான். நான் ஸூன் டப்பாவைப் பிரிப்பதைப் பார்த்துவிட்டு, "மச்சான், உள்ள வேலை பாக்குற நானே யோசிச்சுக்கிட்டு இருக்கேன். உனக்கென்னடா தலையெழுத்து?" என்று கேட்டான். அவன் கழுத்தில் வெள்ளை வயர் தொங்கியது.

எதிரி யார் என்று சொல்லிவிடுகிறேன். ஐபாட் 2001 அக்டோபரில் அறிமுகமானது. 5 ஜிபி, 399 டாலர், ஆயிரம் பாட்டு சட்டைப் பைக்குள். முதலில் வந்தது அது என்று பலர் நினைக்கிறார்கள்; இல்லை. 1998-லேயே 'ரியோ' என்று ஒரு பெட்டி இருந்தது. 2000-த்தில் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 'நோமாட் ஜூக்பாக்ஸ்' விற்றது, சி.டி. பிளேயர் அளவுக்கு. பந்திக்கு முந்து என்பார்கள். ஐபாட் பந்திக்குப் பிந்தி வந்து, முதலில் உட்கார்ந்தவர்களின் இலையையும் எடுத்துக்கொண்டது. 2006-ல் அமெரிக்காவில் விற்ற பாட்டுப் பெட்டிகளில் பத்தில் ஏழுக்கு மேல் ஐபாட்தான்.

எதிர்த்தவர்கள் கதியைக் கேளுங்கள். டெல் நிறுவனம் கொஞ்ச காலம் முட்டிப் பார்த்துவிட்டு 2006-ல் கடையைக் கட்டியது. சான்டிஸ்க் அதே ஆண்டு ஒரு விளம்பரம் செய்தது: ஐபாட் வைத்திருப்பவர்கள் எல்லாரும் ஆட்டு மந்தை என்று ஆட்டின் படத்தையே போட்டது. ஆடு என்று திட்டின கடைக்கு எந்த ஆடு போய் வாங்கும்? ஆப்பிளிடமிருந்து உருப்படியாகப் பணம் பார்த்தது கிரியேட்டிவ் மட்டுமே. அதுவும் பாட்டுப் பெட்டி விற்று அல்ல. காப்புரிமை வழக்குப் போட்டு, 2006 ஆகஸ்டில் சமரசமாகப் போய், 10 கோடி டாலர் வாங்கிக்கொண்டது.

இந்தக் களத்தில்தான் மைக்ரோசாஃப்ட் இறங்கியது. ஆப்பிளின் 30 ஜிபி ஐபாட் 249 டாலர். ஸூனும் 30 ஜிபி. விலை 249 டாலர் 99 சென்ட். அந்த 99 சென்ட்டை எதற்காகச் சேர்த்தார்கள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. திரை ஐபாடைவிடப் பெரிது, எஃப்.எம். ரேடியோ உண்டு, வைஃபை உண்டு. எடையும் கொஞ்சம் அதிகம். கறுப்பு, வெள்ளை, பழுப்பு என்று மூன்று நிறம். உலகத்தில் எவ்வளவோ நிறம் இருக்க, இளைஞர்களை மயக்க வேண்டிய பொருளுக்குப் பழுப்பு நிறம் என்று முடிவெடுத்த அந்தக் கூட்டத்தில் டீ கொடுக்கப் போனவனாகவாவது நான் இருந்திருக்கக் கூடாதா! நான் வாங்கியது பழுப்புதான். கையில் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தால் ஓரங்களில் மெல்லிசாக ஒரு பச்சை ஓடும். அது அழகு. சாய்த்துப் பார்க்கிற பொறுமை யாருக்கும் இல்லை, அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம். முகப்பில் வட்டமாக ஒரு பொத்தான் உண்டு. பார்ப்பதற்கு ஐபாடின் சக்கரம்தான். ஐபாடில் கட்டைவிரலைச் சுற்றினால் பாட்டுகள் மளமளவென்று உருளும். ஸூனில் அது சக்கரமே அல்ல. மேல், கீழ், இடம், வலம் என்று நான்கு பக்கம் அமுக்குகிற பொத்தான். என்னிடமிருந்து வாங்கிப் பார்த்த ஒவ்வொருவரும் கட்டைவிரலை வைத்து ஒரு சுற்றுச் சுற்றுவார்கள். ஒன்றும் நடக்காது. இன்னொரு சுற்று. பிறகு என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார்கள். அமுக்குங்கள், அமுக்குங்கள் என்று நான் சொல்வதற்குள் வெள்ளை வயரைக் காதில் செருகியிருப்பார்கள். போட்டியாளனின் முகத்தை மட்டும் வாங்கிக்கொண்டு குணத்தை வாங்காமல் விட்டால் இதுதான் நடக்கும்.

ஸூனின் பிரம்மாஸ்திரம் என்று சொன்னது வைஃபை. பக்கத்தில் இன்னொரு ஸூன் இருந்தால், கம்பி இல்லாமலே பாட்டை அனுப்பலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வாங்கியவர் அந்தப் பாட்டை மூன்று முறை கேட்கலாம், அல்லது மூன்று நாள் வைத்திருக்கலாம், எது முந்துகிறதோ அது. அப்புறம் பாட்டு போய்விடும். இசைக் கம்பெனிகளுக்குப் பயந்து வைத்த கட்டுப்பாடு இது. பயந்தது போதாதென்று, யுனிவர்சல் மியூசிக்குக்கு ஒவ்வொரு ஸூனுக்கும் ஒரு டாலருக்கு மேல் கப்பமும் கட்டினார்கள். கட்டுப்பாட்டில் பாரபட்சமே கிடையாது: நீங்களே பாடி நீங்களே பதிவு செய்த பாட்டானாலும் மூன்று முறைதான். என் குரலைப் பொறுத்தவரை இது தாராளமான ஏற்பாடு.

இதைப் பற்றி ஸ்டீவ் ஜாப்ஸிடம் நியூஸ்வீக் பத்திரிகை கேட்டது. இதையெல்லாம் அமுக்கி அனுப்பி முடிப்பதற்குள் எதிரே இருக்கிற பெண் எழுந்து போய்விடுவாள், உன் இயர்போனில் ஒன்றைக் கழற்றி அவள் காதில் வைத்தால் வேலை முடிந்தது என்கிற பொருளில் பதில் சொன்னார். எதிரியின் பிரம்மாஸ்திரத்தை இரண்டடி வயரால் வீழ்த்திய மனிதர் அவர் ஒருவர்தான். இதில் அவர் விட்ட ஒரு சங்கதி உண்டு. எதிரே பெண் இருப்பது மட்டும் போதாது, அவளிடமும் ஸூன் இருக்க வேண்டும். பெல்வியூ பேருந்துகளில் ஏறும்போதெல்லாம் வைஃபையை முடுக்கி, அருகில் யாராவது இருக்கிறார்களா என்று பார்ப்பேன். திரையில் எப்போதும் நான் மட்டும்தான் இருப்பேன். சமூகத்துக்கு வருக என்பதுதான் ஸூனின் விளம்பர வாசகம். அந்தச் சமூகத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர் மூன்றும் நானே.

மற்ற வேடிக்கைகளை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். மைக்ரோசாஃப்ட் அப்போதுதான் முடித்துவைத்திருந்த விண்டோஸ் விஸ்டாவில், அறிமுக நாளன்று ஸூனின் மென்பொருள் ஓடாது. 'நிச்சயம் பாடும்' என்ற பொருளில் பெயர் சூட்டி அதே மைக்ரோசாஃப்ட் முன்பு சான்றிதழ் கொடுத்த கடைகளில் வாங்கின பாட்டு, ஸூனில் நிச்சயம் பாடாது. ஸூன் கடையில் பாட்டு வாங்கக் காசு செல்லாது. புள்ளிகள் வாங்க வேண்டும். ஒரு டாலருக்கு 80 புள்ளி. ஒரு பாட்டு 79 புள்ளி. அதாவது 99 சென்ட், ஆப்பிளின் ஐட்யூன்ஸில் அன்று இருந்த அதே விலை. சுற்றிவளைத்து அங்கேயே வந்து நிற்பதற்கு ஒரு வாய்ப்பாடு.

2008 டிசம்பரில் ஊருக்கு வந்தேன். சார்ஜர் வயர் பெல்வியூவிலேயே தங்கிவிட்டது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்காத வயர் பூமியில் இல்லை என்ற நம்பிக்கையில் போனேன். அங்கே ஐபாடுக்கு உறை, ஐபாடுக்கு ஸ்பீக்கர், ஐபாடுக்குக் கார் சார்ஜர். கடைக்காரர் என் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவரும் கட்டைவிரலால் ஒரு சுற்றுச் சுற்றினார்.

"சைனா ஐபாடா சார்?"

"இல்லங்க, மைக்ரோசாஃப்ட்."

"அவங்க கம்ப்யூட்டர்தானே சார் செய்வாங்க?"

கம்ப்யூட்டரையும் அவர்கள் செய்வதில்லை, இந்தப் பெட்டியைக்கூட தோஷிபாதான் செய்துகொடுத்தது என்று விளக்கினால் அவர் என்னை இன்னும் சந்தேகப்படுவார் என்று பேசாமல் வந்துவிட்டேன்.

வயர் கிடைக்காததும் நல்லதற்குத்தான். அந்த டிசம்பர் 31 அன்று, உலகத்தில் ஓடிக்கொண்டிருந்த 30 ஜிபி ஸூன்கள் அத்தனையும் ஒரே நாளில் உறைந்து நின்றன. 2008 லீப் வருஷம். அன்று 366-ஆவது நாள். உள்ளே இருந்த கடிகார நிரல் வருஷத்தைக் கணக்கிட நாட்களைக் கழித்துக்கொண்டே வரும். 365-ஐ விட அதிகமா? ஆமாம், இன்னும் கழிக்க வேண்டும். லீப் வருஷமா? ஆமாம். அப்படியானால் 366-ஐ விட அதிகமா? இல்லை, கழிக்கக் கூடாது. சரி, 365-ஐ விட அதிகமா? ஆமாம். இப்படியே நாள் முழுக்கத் தன்னைத் தானே கேட்டுக்கொண்டிருந்தது. மைக்ரோசாஃப்ட் சொன்ன பரிகாரம்: ஒன்றும் செய்யாதீர்கள், பேட்டரி தீரட்டும், நாளை சார்ஜ் போடுங்கள். என் பெட்டி ஏற்கெனவே அந்தப் பரிகாரத்தில்தான் இருந்தது.

விற்பனைக் கணக்கைப் பார்த்தால் இது போட்டியே அல்ல. முதல் ஒன்றரை ஆண்டில் ஸூன் 20 லட்சம் விற்றது. ஐபாட் 2006-ன் கடைசி மூன்று மாதத்தில் மட்டும் 2 கோடியே 10 லட்சம். ஆனால் சரக்கு மட்டம் என்று ஒருவரும் சொல்ல முடியாது. 2009 செப்டம்பரில் வந்த ஸூன் ஹெச்.டி.யை இன்று பார்த்தாலும் அழகுதான். பெரிய பெரிய எழுத்துகள் திரையில் வழுக்கிப் போகிற அந்த வடிவமைப்பிலிருந்துதான் பிறகு விண்டோஸ் ஃபோன் முகப்பு வந்தது. எல்லாவற்றுக்கும் மேல், மாதம் 14.99 டாலர் கட்டினால் கடையில் உள்ள பாட்டுகளை இஷ்டம்போல் கேட்டுக்கொள்ளலாம் என்று ஸூன் ஒரு திட்டம் வைத்திருந்தது. பாட்டை வாங்காமல் வாடகைக்கா கேட்பார்கள் என்று அன்று சிரித்த என் அறைத்தோழன் இன்று மாதாமாதம் ஸ்பாட்டிஃபைக்குச் சந்தா கட்டுகிறான், குடும்பத்தோடு.

ஸூனைக் கொன்றது ஐபாட் அல்ல. ஸூன் பிறந்து இரண்டே மாதத்தில், 2007 ஜனவரி 9 அன்று, ஜாப்ஸ் ஐஃபோனைத் தூக்கிக் காட்டினார். அதற்குள்ளேயே ஒரு பாட்டுப் பெட்டி இருந்தது. ராஜா போய்விட்ட ஊரில் நாற்காலிக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது மைக்ரோசாஃப்ட். ஸூனை 2011-ல் நிறுத்தினார்கள். ஐபாடையும் 2022 மே 10 அன்று ஆப்பிள் முடித்துக்கொண்டது. 2017-ல் 'கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி' இரண்டாம் பாகத்தின் கடைசியில் நாயகன் கையில் ஒரு ஸூனைக் கொடுத்து, பூமியில் இப்போது எல்லாரும் இதில்தான் கேட்கிறார்கள் என்று சொல்வார்கள். தியேட்டரே சிரித்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

என் பழுப்பு ஸூன் இன்னும் வேலை செய்கிறது. இளையராஜா அதில் நான்கு விதமான ஆங்கில எழுத்துக்கூட்டலில் நான்கு இசையமைப்பாளர்களாக வாழ்கிறார். இதைப் படிப்பவர்களில் யார் வீட்டு பீரோவிலாவது இன்னொரு ஸூன் கிடந்தால், தயவுசெய்து சார்ஜ் போட்டு எடுத்துக்கொண்டு வாருங்கள். ஒரே ஒரு பாட்டு அனுப்பிப் பார்க்க வேண்டும். மூன்று நாள் கெடுவைப் பிற்பாடு எடுத்துவிட்டார்கள், அவசரமில்லை. ஆனால் மூன்று முறைதான் கேட்கலாம்.