பைக்காராவுக்கு வாருங்கள், பெரியவர்களே!

அகில இந்திய கால்பந்துக் கூட்டமைப்பின் பெரியவர்களுக்கு, பைக்காராவிலிருந்து வணக்கம்.

2025 உங்களுக்கு நல்ல வருடமாக அமையவில்லை. அக்டோபர் 14 அன்று கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2. நவம்பர் 18 அன்று டாக்காவில் வங்கதேசத்திடம் 0-1. அவர்கள் நம்மை ஜெயித்து 22 வருடம் ஆகியிருந்தது. 24 அணிகளுக்கான 2027 ஆசியக் கோப்பையில் நமக்கு ஒரு மூலை கூடக் கிடைக்கவில்லை. அந்த நவம்பரில் உலகத் தரவரிசையில் 142. இப்படித் தோற்று நிற்கும்போதெல்லாம் 'அணியின் கலாச்சாரத்தைப் புதிதாகக் கட்டுகிறோம்' என்று ஒரு பேச்சு கிளம்பும். அதற்கு ஒரு முகாம் வேண்டும், முகாமுக்கு நல்ல குளிர்ப்பிரதேசம் வேண்டும். எங்கள் ஊர் இருக்கிறது, வாருங்கள்.

ஊட்டியிலிருந்து கூடலூர் சாலையில் சுமார் 20 கிலோமீட்டர். சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் போட் ஹவுஸ் இருக்கிறது, கமிட்டிக் கூட்டத்தைப் படகிலேயே வைத்துக்கொள்ளலாம். கதாநாயகன் கதாநாயகி கைகோத்து ஓடிய மேடுகள் இருக்கின்றன, நீங்கள் போட்டோ எடுத்துக்கொள்ள. எல்லாவற்றுக்கும் மேலாக எங்கள் பனிமூட்டம். அது இறங்கிவிட்டால் நடுக்கோட்டிலிருந்து பார்த்தால் கோல் போஸ்ட் தெரியாது. எத்தனை வாங்கினோம் என்று கோல்கீப்பரைத் தவிர யாருக்கும் தெரியாது. அவரும் உங்களைப் போல வாயைத் திறக்காமல் இருந்துவிட்டால் தோல்வி என்ற பேச்சே இல்லை.

வாகனத்துக்கு இ-பாஸ் எடுக்க மறக்காதீர்கள். 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கு அது கட்டாயம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டம் முழுக்கத் தடை. இது உங்களுக்கு அனுகூலம்தான். 2025 டிசம்பர் 13 அன்று கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் மெஸ்ஸியைப் பார்க்க ஆயிரக்கணக்கில் பணம் கட்டி வந்த ஜனங்கள், அவரைச் சுற்றி நின்ற பெரிய மனிதர்களின் முதுகை மட்டும் பார்த்துவிட்டு, பாட்டில்களை மைதானத்துக்குள் எறிந்தார்கள். அந்தக் கூத்தை நடத்தியது நீங்கள் இல்லை, தனியார்தான். ஆனால் அப்போது லீக் நின்றுபோயிருந்த நாட்டில் 70 அடி மெஸ்ஸி சிலை எழும்புகிற அளவுக்குக் கால்பந்தைக் கொண்டுவந்து விட்டது யார்? இங்கே வந்தால் உங்கள் மேல் எறிய எங்களிடம் பாட்டில் இருக்காது. அந்த மட்டில் நிம்மதி.

அருவியையும் காட்டுகிறோம். 1932-லிருந்து பைக்காராத் தண்ணீர் விழுந்துகொண்டே மின்சாரம் கொடுக்கிறது. கோயம்புத்தூர் மில்கள் பெருகியது அந்தக் கரண்டில்தான். எங்கள் ஆறு விழுந்தால் கரண்ட் வருகிறது. நீங்கள் விழுந்தால் அறிக்கை வருகிறது.

ஜோசியரையும் அழைத்து வருவீர்களா? அறை எத்தனை போடுவது என்று தெரிய வேண்டுமே. கேலிக்காகக் கேட்கவில்லை. 2022 ஜூன் 11 அன்று ஆப்கானிஸ்தானோடு ஆசியக் கோப்பைத் தகுதி ஆட்டம். அதற்கு இரண்டு நாள் முன்பு இந்திய அணியின் பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச், டெல்லியில் இருந்த ஒரு ஜோசியருக்கு 11 பேர் பட்டியலை அனுப்பி, யாருக்கு நாள் எப்படி என்று கேட்டதை 2023 செப்டம்பரில் இந்தியன் எக்ஸ்பிரஸ் வெளியிட்டது. இன்னாருக்கு நல்ல நாள், இன்னாருக்குச் சுமார், இன்னாரை அன்றைக்கு இறக்க வேண்டாம் என்று பதில் வந்தது. நட்சத்திரம் சரியில்லாதவர்கள் ஆட்டம் தொடங்கும்போது வெளியே உட்கார்ந்திருந்தார்கள். அறிமுகம் செய்துவைத்தவர் உங்கள் அப்போதைய பொதுச் செயலாளர். ஜோசியருக்குப் போன கூலி 12 முதல் 15 லட்சம் ரூபாய் என்று செய்தி.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்ப்பார்கள், வீட்டுக்கு மனையடி பார்ப்பார்கள். லெஃப்ட் பேக்குக்கு ராகு காலம் பார்த்தது நீங்கள்தான். அன்றைக்கு 2-1 என்று ஜெயித்தோம், மறுக்கவில்லை. ஆனால் மூன்று கோலும் கடைசிப் பத்து நிமிடத்தில் விழுந்தவை. அதுவரை கிரகங்கள் டீ குடிக்கப் போயிருந்தன போலும். அதே ஆப்கானிஸ்தான் 2024 மார்ச்சில் குவாஹாட்டிக்கே வந்து நம்மை 2-1 என்று அடித்துவிட்டுப் போனது.

ஜூன் 11 என்ற தேதியைப் பஞ்சாங்கத்தில் தேடியவர்கள் சரித்திரத்தில் தேடியிருந்தால் ஒரு பெயர் கிடைத்திருக்கும். 1963 ஜூன் 11 அன்று ஹைதராபாத்தில் சையது அப்துல் ரஹீம் புற்றுநோயில் இறந்தார். பள்ளிக்கூட வாத்தியார். இந்திய அணி கண்ட பயிற்சியாளர்களில் தலைசிறந்தவர். அவருடைய நினைவு நாளில்தான் உங்கள் அணியை ஜாதகம் தேர்ந்தெடுத்தது.

தோல்விக்குப் பிறகு ஒரு அணியை எப்படிக் கட்டுவது என்பதை ரஹீமிடம் படித்திருக்கலாம். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 1-10. நம்மவர்களில் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். அதன் பிறகு பூட்ஸ் கட்டாயமானது. ரஹீம் பையன்களுக்குப் பழகாத காலால் மட்டும் ஆடும் போட்டிகளை வைத்தார். 1956 மெல்போர்னில் இந்தியா நாலாவது இடம். 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 0-2. நோய் உடம்பைத் தின்றுகொண்டிருந்த நிலையில் அந்த மனிதர் அணியை மாற்றி அடுக்கினார். தலையில் தையல் போட்டிருந்த தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கை முன்வரிசைக்கு ஏற்றினார். இறுதி ஆட்டத்தில் அதே கொரியாவை 2-1 என்று வீழ்த்தித் தங்கம் வாங்கினார். பி.கே. பானர்ஜி ஒரு கோல், தையல் தலையோடு ஜர்னைல் ஒரு கோல்.

அன்று நம் கோலைக் காத்தவர் பீட்டர் தங்கராஜ். ஹைதராபாத்காரர், ஆனால் ராணுவத்தில் சேர்ந்து ஆடியது எங்கள் மலையில், வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டருக்கு. முதலில் அங்கே அவர் சென்டர் ஃபார்வர்டு. பிறகுதான் கோலுக்கு வந்தார். அந்த அணி 1955-லும் 1958-லும் டூரண்ட் கோப்பையைத் தூக்கியது. நாட்டின் மிகப் பழைய கால்பந்துக் கோப்பை இரண்டு முறை நீலகிரிக்கு வந்திருக்கிறது, பெரியவர்களே. படகு சவாரிக்கு வரும்போது வழியில் விசாரியுங்கள்.

1962-க்குப் பிறகு ஆசியப் போட்டியில் தங்கம் இல்லை. அதற்கு எத்தனையோ காரணம் உண்டு, எல்லாவற்றையும் உங்கள் தலையில் கட்ட மாட்டேன். கட்ட வேண்டியதைக் கட்டுகிறேன். ஸ்டிமாச்சுக்கு 2026 வரை ஒப்பந்தம் போட்டீர்கள், 2024 ஜூனில் துரத்தினீர்கள், 4 லட்சம் டாலர் கொடுத்துக் கணக்கை முடித்தீர்கள். அடுத்து மனோலோ மார்க்வெஸ். அவர் அதே சமயம் எஃப்.சி. கோவாவுக்கும் பயிற்சியாளர்; தேசிய அணி அவருக்கு ஓவர்டைம். எட்டு ஆட்டத்தில் ஒரு வெற்றி, அதுவும் மாலத்தீவை. அதற்கும் ஓய்வு பெற்றிருந்த சுனில் சேத்ரியை 40 வயதில் திரும்பக் கூப்பிட வேண்டியிருந்தது. 2025 ஜூலையில் நாட்டின் முதன்மை லீகான ஐ.எஸ்.எல். போட்டியையே நிறுத்தி வைத்தார்கள், அதை நடத்துகிறவர்களோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க உங்களுக்கு வழி தெரியாததால். ஆகஸ்டில் சென்னையின் எஃப்.சி. கொஞ்ச காலத்துக்குக் கடையைச் சாத்தியது. லீகை நடத்த நீங்கள் டெண்டர் விட்டீர்கள். நவம்பரில் கெடு முடிந்தபோது ஒரு விண்ணப்பமும் இல்லை. இத்தனைக்கும் நடுவில் கலாச்சாரம் கற்றுக்கொள்ள வேண்டியவன் யார்? ஷூ லேஸ் கட்டிக்கொண்டு நிற்கிற 22 வயதுப் பையனா?

உங்கள் கூட்டமைப்பின் 2022 தலைவர் தேர்தலில் கல்யாண் சௌபேக்கு 33 வாக்கு, முன்னாள் கேப்டன் பாய்ச்சுங் பூட்டியாவுக்கு 1. சௌபேயும் பழைய கோல்கீப்பர்தான். தனக்கு எதிராக ஒன்றே ஒன்றை மட்டும் உள்ளே விட்டது அவர் அன்றைக்குத்தான்.

உங்கள் வியாதி கீழே வரைக்கும் இறங்கிவிட்டது. ஏதோ ஒரு கல்லூரி. எது என்று கேட்காதீர்கள், எதுவாகவும் இருக்கலாம். அணி கோயம்புத்தூருக்கு இறங்கிப் போய்த் தோற்றுத் திரும்புகிறது. மறுவாரம் செமினார் ஹாலில் 'வெற்றி மனப்பான்மை' பயிலரங்கம். குத்துவிளக்கு, பொன்னாடை, தன்னம்பிக்கைப் பேச்சாளர், நினைவுப் பரிசு. வேலைக்காகப் பத்து நிமிடம் தாமதமாக வந்த உடற்கல்வி இயக்குநருக்குக் கடைசி வரிசை. கழுகு கிழவயதில் அலகை உடைத்துப் புதிதாக வளர்த்துக்கொள்ளும் கதையைப் பேச்சாளர் சொல்கிறார் (எந்தக் கழுகும் அப்படிச் செய்வதில்லை). முன்வரிசையில் ஒரு பையன் தலையைக் குனிந்து தன் பூட்ஸைப் பார்க்கிறான். இடது காலில் அடிப்பாகம் வாய் பிளந்து, ஃபெவிக்விக் ஒட்டிய தடம் வெள்ளையாகத் தெரிகிறது.

அவன் பயிற்சி எடுப்பது சரிவில். பந்து கோட்டைத் தாண்டினால் தேயிலைக்குள் உருண்டு போகும், எடுத்துவர ஒருவன் இறங்க வேண்டும், அட்டைக் கடியோடு மேலே வருவான். மழை மாதங்களில் அந்தச் சரிவும் இல்லை. மேட்ச் ஆடப் போன நாளுக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி) கேட்டால், முதலில் அட்டெண்டன்ஸ் 75 சதவீதம் இருக்கிறதா என்று துறைத்தலைவர் பார்ப்பார். பந்துகள் பீரோவில், சாவி ஆபீஸில், ஆபீஸ் ஐந்து மணிக்கு மூடல். இதையெல்லாம் சமாளித்து அந்த இயக்குநர் பதினோரு பேரைத் திரட்டி மலையிறக்குகிறார் பாருங்கள், அதற்குப் பெயர்தான் கலாச்சாரம். பயிலரங்கச் செலவை அவர் கையில் கொடுத்திருந்தால் அதற்கு ஒரு வலையும் ஆறு பந்தும் வந்திருக்கும்.

யோசித்துப் பார்த்தால் நீங்கள் பைக்காராவுக்கு வரவேண்டாம் என்றே படுகிறது. சாலை குறுகல், ஏற்கெனவே நெரிசல். ஜோசியருக்குக் கொடுத்ததில் குறைந்தபட்சக் கணக்காக 12 லட்சத்தையே எடுத்துக்கொள்கிறேன். ஜோடி ஆயிரம் ரூபாய் என்றாலும் 1,200 ஜோடி பூட்ஸ். அதை மட்டும் ஊட்டிக்கு லாரி ஏற்றி அனுப்பிவையுங்கள். எந்தக் கிழமை, எந்த நேரம் என்று பார்க்க வேண்டாம், எமகண்டத்தில் வந்தாலும் இறக்கிக்கொள்கிறோம்.