காலை எடு, பேராண்டி

ஏ பேராண்டி, எஸ்டிக்கு மட்கார்டைக் கழட்டிப் போட்டுட்டு, கட்டை வெச்ச டயரை மாட்டிக்கிட்டு, கம்மாக்கரையில கரிசல் புழுதியைக் கிளப்புறியே, பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனா வண்டி சிவகாசிச் சரவெடி மாதிரி சத்தம் போடுதே தவிர, போய்ச் சேரக் காணோம். "கிளட்ச் பிளேட் போச்சு தாத்தா, மாத்தணும்"ங்கிற. மாத்து, மாத்து. காசு உங்கப்பன் காசு, எனக்கென்ன?

மைசூர் ஐடியல் ஜாவாக்காரங்க 1961-ல வண்டி விட ஆரம்பிச்சு, 1973-ல எஸ்டின்னு பேரு வெச்சு, 1996-ல கம்பெனியைப் பூட்டிட்டுப் போயிட்டாங்க. பூட்டுன பிறகு பொறந்த நீ அதுக்கு டாக்டரு! அடியில இருக்கிறது செக் நாட்டு ஜாவாவோட மூளை. 1970-கள்ல ஆறு நாள் பந்தயத்துல காடு மேடெல்லாம் ஏறி வரிசையா ஜெயிச்ச கூட்டம் அது. சும்மா இருப்பானுகளா? ஒரு குசும்பு பண்ணி வெச்சானுக. கைப்பிடியைத் தொடவே வேணாம், கியர் மிதியை அமுக்குனாலே உள்ளே கிளட்ச் தானாப் பிரியும். அதே மிதியைத் திருப்பி நிமிர்த்துனா கிக்கரு.

இப்ப சொல்லு, ஓட்டும்போது உன் இடது கால் எங்கே இருக்கு? மிதி மேல, மாமியார் வீட்டுத் திண்ணைன்னு நெனப்பு! நீ அமுக்கலைன்னு நீதான் சொல்ற. கிளட்ச் ஒத்துக்கணும்ல? பாதி பிரிஞ்சு நின்னு வழுக்குது, கார்க் தட்டு தேயுது. மொதல்ல காலை எடுத்து கால்கட்டை மேல வை.

அப்புறமும் வழுக்குனா கைப்பிடிக்கு வா. லீவரைச் சுண்டுவிரலால ஆட்டிப் பாரு. ரெண்டு மூணு மில்லிமீட்டர் சும்மா ஆடணும், அதுதான் ப்ளே. ஆடாம விறைச்சு நின்னா, நீ தொடாதப்பவே கேபிள் இழுத்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். தட்டு தேயத் தேய இந்த ப்ளேயும் கொறைஞ்சுக்கிட்டே வரும். அதனால ஒருதடவை வெச்சதோட விட்டுறாத. நீயோ "டைட்டா இருந்தா நல்லா பிடிக்கும்"னு கேபிள் திருகை இன்னும் இறுக்குற. கெட்டிக்காரன்தான்!

ப்ளே அதிகமாப் போனா வேற கூத்து. லீவரை முழுசாப் பிடிச்சாலும் கிளட்ச் பிரியாது, முதல் கியர்ல வண்டி முண்டிக்கிட்டு நகரும், நியூட்ரல் விழவே விழாது. தீபாவளி சமயம் சிவகாசிக்குள்ள பட்டாசு லாரிக்குப் பின்னால நிக்கிறப்போ அந்த லட்சணம் தெரியும். மாசக்கணக்கா நின்ன வண்டின்னா தட்டு ஒட்டியிருக்கும். இன்ஜினை அணைச்சு, கியர்ல போட்டு, லீவரைப் பிடிச்சுக்கிட்டே முன்னும் பின்னும் உருட்டு, விட்டுக்கொடுக்கும். லீவர் கனமாயிருந்தா கேபிளைக் கழட்டித் தொங்கவிட்டு மேல் முனையில எண்ணெய் விடு. நம்ம ஊர்ப் புழுதி உள்ளே போயி உறைஞ்சு கிடக்கும்.

எண்ணெய்னதும் ஞாபகம் வருது. பெட்ரோல்ல கலக்குற டூ-டி எண்ணெய் கிளட்ச் பக்கமே எட்டிப் பார்க்காது. கியர்பாக்ஸுக்குத் தனி எண்ணெய், அதுலதான் தட்டும் முழுகிக் கிடக்கு. உங்க சித்தப்பன் காருக்கு ஊத்துற விலையுயர்ந்த வழவழ எண்ணெயை இதுல ஊத்திராத. வழுக்கத்தான் அதைச் செஞ்சிருக்கான், கிளட்ச்சும் சொன்ன பேச்சைக் கேட்டு வழுக்கும்.

இத்தனையும் பண்ணி, டாப் கியர்ல மேட்டுல முறுக்குறப்போ இன்ஜின் மட்டும் எகிறி வேகம் ஏறலைன்னா, சரி, பிளேட்டை மாத்திக்கோ. ஸ்பிரிங்கையும் பாரு, தளர்ந்த ஸ்பிரிங் புதுத் தட்டையும் தின்னுரும். புதுக் கார்க் தட்டைக் காய்ஞ்சபடியே மாட்டாத, ராத்திரி முழுக்க அந்தக் கியர் எண்ணெயில ஊறணும்.

அது ஊறுற நேரத்துக்கு நீ விருதுநகர் வரைக்கும் போயி எண்ணெய் பரோட்டா நாலு வாங்கிட்டு வா. பஸ்லயே போ.