அடித்தளக் கல்வெட்டும் இரட்டை ரவுட்டர் சிக்கலும்: தூத்துக்குடியை முன்வைத்து ஓர் ஆய்வு

ஒரு வீட்டில் இரண்டு ரவுட்டர்கள் இருந்தால் ஒன்றுதான் வழி சொல்ல வேண்டும், மற்றது பாலமாகக் கிடக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். ஆய்வுக்களம் தூத்துக்குடி. ஃபைபர் இணைப்புக்காரர் சுவரைத் துளைத்து வெள்ளைப் பெட்டியை மாட்டிய நாள் தொடங்கி, 'மாடியில் வைஃபை எடுக்கல' என்று வீட்டார் ஒரு கறுப்புப் பெட்டியை வாங்கி அதன் பின்னால் செருகிய நாள் வரை கால எல்லை. பெட்டிகளின் நிறம் தனியொரு முனைவர் பட்டத்துக்கு உரியது, இங்கே தவிர்க்கப்படுகிறது.

முதன்மைச் சான்று, ரவுட்டரின் அடியில் ஒட்டியுள்ள ஸ்டிக்கர். இதனை 'அடித்தளக் கல்வெட்டு' என்க. முதல் வரி 192.168.1.1. இரண்டாம், மூன்றாம் வரிகள் இரண்டுமே 'அட்மின்'. ஒரே சொல் இருமுறை வருவது பொறித்தவர் பிழை என்பர் ஒரு சாரார். முன்னது பயனர் பெயர், பின்னது கடவுச்சொல் என்பர் மறுசாரார். இவர்கள் உள்ளே நுழைந்துவிட்டபடியால் இவர்கள் கூற்றே கொள்ளத்தக்கது. நான்காம் வரியான வைஃபை கடவுச்சொல்லில்தான் பூசல். உப்பளக் காற்றில் ஓரம் எழும்பிய ஸ்டிக்கர்களில் ஏழாம் எழுத்து பூச்சியமா, ஆங்கில 'ஓ'வா என்பது தெளிவில்லை. பூச்சியம் என்பது அட்டைப்பெட்டிப் பாடம் (காண்க: பெட்டி, இடப்பக்க உள்மடிப்பு). 'ஓ' என்பது வாரன்டி அட்டைப் பாடம் (காண்க: அட்டை, பின்பக்கம், சீன மொழிப் பகுதிக்கு மேல், கடைக்காரர் முத்திரை மறைத்த இடம் நீங்கலாக). இணைப்புக்காரர் மீட்டர் பெட்டிக்கு மேலே பென்சிலால் எழுதிவைத்த மூன்றாம் பாடமோ எட்டு என்கிறது (காண்க: சுவர், பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் முன், வெள்ளையடித்த பின் எனில், முன்பு எடுத்த போட்டோ, அந்த போன் தொலைந்திருப்பின், எடுத்தவரின் நினைவு). ரவுட்டரைத் திருப்பி டார்ச் அடித்துப் பார்த்தால் தீராதா என்று வாசகர் கேட்கலாம். மூலத்தைத் திருப்பிப் பார்ப்பது நம் ஆய்வுலகில் வழக்கமில்லை. முன்னவர் அச்சிட்ட பாடத்தை அப்படியே எடுத்தாண்டுவிட்டு அடிக்குறிப்பில் அவரையே ஏசுவதுதான் மரபு.

நமக்கு வேண்டியது முதல் வரி. வீட்டு வலை போன்ற தனி வலைகளுக்கென்று முகவரிகளை ஒதுக்கிய ஆர்எஃப்சி 1918 என்னும் ஆவணம் 1996இல் வந்தது. 192.168 தொகுதியில் மட்டும் 65,536 முகவரிகள். அத்தனை இடமிருந்தும், வெள்ளைப் பெட்டிக்கும் கறுப்புப் பெட்டிக்கும் பலசமயம் 192.168.1.1 என்ற ஒரே வாசல்தான். முன்னும் பின்னும் ஒரே தெருவாக இருந்தால் எந்தப் பக்கம் அனுப்புவது என்று கறுப்புப் பெட்டிக்குத் தெரியாது. அதன் முகவரியை 192.168.2.1 என்று மாற்றினால் நெட் வரும். பலர் அத்தோடு ஆய்வை முடித்துக்கொள்கிறார்கள். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

இதற்குத் தூத்துக்குடியின் பழைய துறைமுகமே சான்று. கரையோரம் ஆழமில்லை, பெரிய கப்பல்கள் சில மைல் தள்ளி நங்கூரமிட, சரக்கு தோணியில் இறங்கிக் கரைக்கு வந்தது. ஒரே மூட்டை இருமுறை கைமாறியது, இருமுறை எண்ணப்பட்டது. இரண்டு ரவுட்டர்களும் வழி சொல்லும் வீட்டிலும் இதுவே நடக்கிறது. ஒவ்வொரு பெட்டியும் உள்முகவரியை அழித்துத் தன் முகவரியை எழுதி, தன் பேரேட்டில் குறித்துக்கொள்கிறது. வீட்டிலிருந்து கேட்டு வாங்கும் தகவலுக்கு இரு பேரேடுகளிலும் பதிவு உண்டு. அது வந்து சேரும். கப்பலில் வேலை பார்க்கும் மகன் நடுக்கடலிலிருந்து வீட்டு சிசிடிவியை நேரே திறக்க முயன்றால் எந்தப் பேரேட்டிலும் அவன் பெயர் இல்லை. இரண்டு பெட்டியிலும் தனித்தனியே வழி திறந்துவிட வேண்டும். ஒன்றை மறந்தாலும் படம் வராது. 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட புதிய ஆழ்கடல் துறைமுகத்தில் கப்பல் தளத்தோடு ஒட்டியே நின்றது. பெட்டியைப் பாலமாக்கும் பிரிட்ஜ் மோடு என்பதும் அதுதான்: வெள்ளைப் பெட்டி மூட்டையைப் பிரிக்காமல் கறுப்புப் பெட்டியிடம் கொடுத்துவிடும்.

'யூடியூப் ஓடுகிறதே, பிறகென்ன?' என்பது முதல் தடை. தோணிக் காலத்திலும் வணிகம் ஓடத்தான் செய்தது. 'சிசிடிவி கம்பெனி ஆப்பிலேயே பார்க்கலாமே' என்பது இரண்டாவது. பார்க்கலாம், நம் வாசலை ஊரான் சர்வர் வழியாகப் பார்ப்பதில் கூச்சமில்லாதவர்களுக்கு இக்கட்டுரை தேவையில்லை. மூன்றாவது தடைக்குத்தான் வலு உண்டு. முகவரிப் பஞ்சத்தால் சேவை நிறுவனமே தன் பக்கத்தில் இன்னொரு பேரேடு வைத்திருக்கலாம். 2012இல் அதற்கென்றே 100.64 எனத் தொடங்கும் தொகுதி ஒதுக்கப்பட்டது. கறுப்புப் பெட்டியின் வேன் (வெளிப்பக்க) முகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால், பாலம் போட்டும் வெளியிலிருந்து நேரே நுழைய முடியாது. அப்போது நிறுவனத்திடம் நிலையான பொது முகவரி கேட்டு வாங்குவது ஒரு வழி. ஆனால் இந்தத் தடை கருதுகோளை வீழ்த்தவில்லை. இரண்டாயிருந்த பேரேடுகள் மூன்றாகாமல் பாலம் காக்கிறது.

மாடிக்கு வைஃபை மட்டும் போதும் என்போர், கறுப்புப் பெட்டியின் டிஹெச்சிபியை (முகவரி வழங்கும் வேலையை) அணைத்து, அதன் முகவரியை மாற்றி, வயரை வேன் துளைக்குப் பதில் லேன் துளையில் செருகினால் அதுவும் பாலமே.

ஒரே வயரின் இரு முனைகளையும் ஒரே பெட்டியில் செருகுவோர் பற்றி: தகவல் சுற்றிச்சுற்றி வந்து வலை மூச்சடைக்கும். இதைத் தடுக்கும் முறையை 1985இல் வகுத்த ரேடியா பெர்ல்மன் அதற்கு ஒரு கவிதையும் எழுதினார். அதன் பா வகை குறித்து நம் பல்கலைக்கழகங்கள் இதுவரை கருத்தரங்கு நடத்தாதது வியப்பே.

வெள்ளைப் பெட்டியைப் பாலமாக்கியபின் இணைப்பைக் கோர வேண்டியது கறுப்புப் பெட்டிதான். ஆகவே மெனுவில் கைவைக்கும் முன் பிபிபிஓஇ (இணைப்பில் நுழையும் முறை) பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் நிறுவனத்திடம் கேட்டுத் தாளில் எழுதிவைக்கவும். லேண்ட்லைன் போன் வெள்ளைப் பெட்டியில் செருகியிருந்தால், அதற்கான இணைப்பைத் தொடாமல் இன்டர்நெட் இணைப்பை மட்டும் பிரிட்ஜ் ஆக்கவும்.