கோவிவன் என்கிற நாய் கொடுக்கும் மனு

அனுப்புநர்: கோவிவன், நாய், எடுத்தனூர், திருவண்ணாமலை மாவட்டம்.

பெறுநர்: சாலை போடுகிற எல்லா ஐயாமார்களும்.

பொருள்: என் கல்லையும் என் சொந்தபந்தங்களின் கற்களையும் ஜல்லிக் கணக்கில் சேர்க்க வேண்டாம் எனக் கோருதல் தொடர்பாக.

ஐயா,

வணக்கம். எனக்கு வயது சுமார் 1,400. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில் எருமைகளை ஓட்டிப் போக வந்த கள்ளர்களைக் கடித்து, வெட்டுப்பட்டு விழுந்த எசமானுக்குப் பக்கத்திலேயே காவல் நின்றவன் நான். ஊரார் அவருக்கு நடுகல் எடுத்தார்கள். அதில் என்னையும் செதுக்கி என் பெயரையும் பொறித்தார்கள். ஆதார் அட்டை இல்லை. கல்வெட்டின் மைப்படி இணைத்திருக்கிறேன். திங்கட்கிழமை மனு நாளில் ஆட்சியர் அலுவலக வாசலில் வரிசையில் நின்றேன். போலீஸ்காரர் என்னிடம் மண்ணெண்ணெய் கேன் இருக்கிறதா என்று மட்டும் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார்.

எங்கள் செங்கம் பக்கம் மாடு மீட்கப் போய்ச் செத்தவர்களுக்கு எடுத்த கற்கள் ஏராளம். 1972இல் தமிழ்நாடு தொல்லியல் துறை, இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, 'செங்கம் நடுகற்கள்' என்று புத்தகமே போட்டது. புத்தகம் நூலகத்துக்குப் போனது. கற்களில் பலவும் ஏரிக்கரையிலும் வரப்போரத்திலும் புளியமரத்தடியிலும் நிற்கின்றன. ஊர் மக்கள் சிலவற்றை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். அவை பிழைத்துக்கொள்ளும், ஏனென்றால் கற்பூரம் எரிந்த கல்லில் கை வைக்கப் பொக்லைன் ஓட்டுநருக்குப் பயம். சாமி ஆகாத கல்லுக்கு நாதியில்லை. இந்த மாவட்டத்தில் தொல்லியல் பாதுகாப்புக்கென்று தவறாமல் வந்து சேரும் ஒரே நிதி, யாரோ ஒரு கிழவி ஏற்றும் கட்டிக் கற்பூரம்தான்.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 1958இல் மத்திய அரசு ஒன்று போட்டது, 1966இல் மாநிலம் ஒன்று போட்டது. இரண்டும் பட்டியலில் இருக்கும் சின்னத்தைத்தான் காக்கும். பட்டியலில் ஏறாத கல், கல். பட்டியலில் இருந்தால் மட்டும் என்ன வாழ்ந்தது? பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் 100 மீட்டருக்குள்ளும் மத்திய அரசு பொதுப்பணி செய்யலாம் என்று 2018 ஜனவரியில் மக்களவை ஒரு மசோதாவை நிறைவேற்றியது. ஆக்ராவில் அக்பர் சமாதிக்குப் பக்கத்தில் உயர்த்துசாலை போட வேண்டுமாம். மாநிலங்களவை அதைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பி வைத்தது. அக்பருக்கே அந்தக் கதி என்றால், நான் நாய்.

கிரிவலப் பாதையை அகலப்படுத்தக் கோடரியோடு கிளம்பினீர்களே, அப்போது மரங்களுக்காகப் பசுமைத் தீர்ப்பாயம் குறுக்கே வந்தது. கல்லுக்குத் தீர்ப்பாயம் கிடையாது.

காசில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். சென்னை-சேலம் எட்டு வழிச்சாலைக்கு 277 கிலோமீட்டருக்கு 10,000 கோடி என்றீர்கள். எங்கள் மாவட்டத்தின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு போகத் திட்டமிட்ட சாலை. 2018இல் நிலமெடுக்க விளைநிலத்தில் கல் நட்டீர்கள். ஐயா, கல் நடுவது எங்கள் குலத்தொழில், அதன் முறை எங்களுக்குத் தெரியும். செத்தவனுக்குத்தான் கல் நடுவார்கள். உயிரோடிருக்கும் உழவன் கதறக் கதற, அவன் கண்ணெதிரே, அவன் வயலிலேயே கல் நட்டவர்கள் நீங்கள். ஆநிரை கவர வந்தவன் வெட்சிப் பூவாவது சூடி வந்தான். உங்கள் ஆட்கள் போலீஸ் வேன் சூடி வந்தார்கள். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நிலமெடுப்பு செல்லாது என்றது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மறுபடி கதவைத் திறந்துவிட்டது. அந்த 10,000 கோடியில், தோண்டும் முன்னால் வழிநெடுக நடந்து கல்லையும் மண்ணையும் பார்த்துவர நாலு பேருக்கு எவ்வளவு ஆகும்? எங்கள் ஊர்ப் பக்கம் ஆர்வலர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் சொந்த பெட்ரோலில் அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பக்கம் ஏ14 சாலைக்கு முதலில் இறங்கியவர்கள் சுமார் 250 தொல்லியலாளர்கள். ரோமானியர் காலத்துச் சூளைகள் மட்டும் நாற்பது கிடைத்தன. சாலை நின்றுவிடவில்லை, 2020இல் திறந்துவிட்டார்கள். பிரான்சில் 2001 முதல், மண்ணைக் கிளறுகிறவனே ஆய்வுச் செலவையும் கொடுக்க வேண்டும் என்று சட்டம். வெள்ளைக்காரனை எதற்கு இழுக்கிறாய் என்று குரைப்பீர்கள். (மன்னிக்கவும், அது என் வேலை.) சரி, தருமபுரிக்கு வாருங்கள். அங்கே அதியமான் பெருவழியில் கிடைத்த காதக்கல்லில் 29 காதம் என்று எழுதி, படிக்கத் தெரியாதவனும் புரிந்துகொள்ள இரண்டு பெரிய குழி, ஒன்பது சின்னக் குழி வெட்டியிருந்தார்கள். உங்கள் சாலையிலும் பெரிய குழி, சின்னக் குழி எல்லாம் உண்டு. எண்ணிப் பார்த்தேன். அரசு ஆஸ்பத்திரி எத்தனை தூரம் என்பது மட்டும் சீக்கிரமே தெரிந்துவிடுகிறது.

உங்கள் ஆட்கள் எதையுமே பாதுகாப்பதில்லை என்று பழி போட மாட்டேன். 2022 ஜூனில், பக்கத்து வேலூரில், தெருவில் நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளை நகர்த்தாமல் சக்கரத்தோடு சேர்த்து கான்கிரீட் போட்டார்கள். இருந்த இடத்தில், இருந்த நிலையில், இம்மி பிசகாமல் அப்படியே. தொல்லியல் பேராசிரியர்கள் கனவு காணும் நேர்த்தி அது. அந்த வண்டிக்குக் கிடைத்த மரியாதையில் பாதி எங்களுக்குப் போதும் ஐயா.

கோரிக்கை ஒன்றுதான். டெண்டர் விடும் தாளில், மண் பரிசோதனைக்கு ஒரு வரி இருக்கிறதல்லவா, அதற்குக் கீழே இன்னொரு வரி. எழுத்துப் படித்த ஒருவர், ஒரு மைப்படித் தாள், பொக்லைனுக்கு முன்னால் பத்து நாள்.

இப்படிக்கு,
கோவிவன்.

பின்குறிப்பு: மனுவுக்குப் பதில் வந்துவிட்டது. மனுதாரர் நாய் என்பதால் கால்நடைப் பராமரிப்புத் துறைக்கு அனுப்பி வைத்திருக்கிறார்கள். அங்கே என் கருத்தடை அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்தாயிற்று. வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருக்கிறார்கள்.